‘அந்த மாதிரி சீன் எதுவும் இல்லையே, டாக்டர்!’

பெரிய நடிகரின் படம் வெளியான அடுத்த வாரம் என் கிளினிக்குக்கு யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ராத்திரி தூங்காத பிள்ளை, தனியாகப் பாத்ரூம் போக மறுக்கும் பிள்ளை, விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பிவிட்ட பிள்ளை. போன வாரம் வந்தவனுக்கு ஆறு வயது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். கூட்டிப்போனது ‘ஏ’ சான்றிதழ் படத்துக்கு. அப்பா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: “அந்த மாதிரி சீன் எதுவும் இல்லையே, டாக்டர். வெறும் சண்டைதானே?”

‘ஏ’ என்றால் ஆபாசம், ஆபாசம் இல்லாவிட்டால் குடும்பப் படம். யார் சொன்னது இதை? ரத்தம், சித்திரவதை, போதைப்பொருள், காது கூசும் வசவு என்று எதற்காகவும் தணிக்கை வாரியம் ‘ஏ’ கொடுக்கலாம். முத்தக் காட்சி வந்தால் பிள்ளையின் கண்ணைப் பொத்துகிற அதே கை, கழுத்தறுக்கும் காட்சியில் பாப்கார்னை நீட்டுகிறது! முத்தக் காட்சி பார்த்துத் தூக்கம் கெட்டு என்னிடம் வந்த பிள்ளை இதுவரை இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘அது நடிப்பு’ என்று வாயால் சொல்லத் தெரியும். விளக்கை அணைத்ததும் அந்தத் தெளிவு போய்விடும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் சின்ன வயதில் பயந்தவர்கள்தான்.

“கூடத்தான் நாங்க இருக்கோமே” என்பது அடுத்தது. ‘ஏ’ படத்துக்கு அது செல்லாது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டவே கூடாது; அப்பா அம்மா இரண்டு பக்கமும் உட்கார்ந்தாலும் 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டம் விட்டுக்கொடுக்காது. தண்டனை தியேட்டர்காரருக்கு. அதனால் வாசலில் தடுக்கும் ஊழியரிடம் “எங்களுக்கு இல்லாத அக்கறையா உனக்கு?” என்று எகிறாதீர்கள்.

உங்கள் அக்கறையைக் காட்ட வேண்டிய இடம் ‘யுஏ’, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற சான்றிதழ். முன்பு 12 வயது என்று ஒரே கோடுதான் இருந்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 16+ படத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனால் சட்டம் தடுக்காது. தடுக்க வேண்டியவர் நீங்கள். (‘எஸ்’ என்றும் ஒன்று உண்டு, மருத்துவர்கள் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும். இத்தனை வருஷத் தொழிலில் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.)

ஓடிடி வெப் சீரிஸ்களுக்குத் தணிக்கை வாரியம் கிடையாது. 2021 விதிகளின்படி தளங்களே வயது போடுகின்றன. தொடங்கும்போது திரையில் வரும் அந்த வயதையும், வன்முறை, வசவு என்று பக்கத்தில் போட்டிருக்கும் காரணத்தையும் படியுங்கள். பிள்ளைக்குத் தனி புரொஃபைல் போடுங்கள், உங்களுடையதைப் பின் நம்பர் வைத்துப் பூட்டுங்கள். தயவுசெய்து உங்கள் பிறந்தநாளை வைக்காதீர்கள், அதுதான் பிள்ளைகள் முதலில் போட்டுப் பார்ப்பது.

தியேட்டரில் பிள்ளை காதைப் பொத்தினாலோ, மடியில் முகம் புதைத்தாலோ எழுந்து வெளியே வாருங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். ‘பயந்தாங்கொள்ளி’ என்று கேலி வேண்டாம். வீட்டில் அவன் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசினால் பேச விடுங்கள், சில நாள் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் சரியாகவில்லை என்றால் கூட்டி வாருங்கள். என்ன படம் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். “கார்ட்டூன்தான் டாக்டர் பார்த்தான்” என்று ஆரம்பித்தால் எனக்கு வேலை இரண்டு மடங்கு.