லேமினேட் செய்த ரிப்போர்ட் ஃப்ளூவைத் தடுக்காது

இந்த மழைக்காலத்தில் இப்படி வந்த நான்காவது நோயாளி இவர். 67 வயது, நெடுநாள் சர்க்கரை நோயாளி, மூச்சு வாங்கியபடி வார்டில் படுத்திருந்தார். தொண்டைச் சளியில் எச்3என்2 என்ற ஃப்ளூ வைரஸ் இருக்கிறது என்று எங்கள் ஆய்வகமே முடிவு கொடுத்திருந்தது. "இந்த ஆண்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டீர்களா?" என்று கேட்டேன். பதிலுக்கு மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். சென்ற ஆண்டு ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனை. 'இன்ஃப்ளூயன்சா ஏ, ஐஜிஜி: பாசிட்டிவ்.' ஃப்ளூவுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம், ரத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கசங்காமல் இருக்க லேமினேட் வேறு செய்திருந்தார்கள். "அப்பாவுக்குத்தான் எதிர்ப்பு சக்தி வந்துவிட்டதே டாக்டர், எதற்கு மறுபடியும் என்று விட்டுவிட்டோம்" என்றார்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தடுப்பூசி வேலை செய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அந்தச் சோதனையை விற்றவர்கள் மேல்தான்.

உங்கள் ரத்தம், என் ரத்தம், வாழ்நாளில் ஃப்ளூ ஊசியே போடாத உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தம், மூன்றையும் அந்தச் சோதனைக்கு அனுப்பிப் பாருங்கள். மூன்றும் பாசிட்டிவ் என்று வரவே வாய்ப்பு அதிகம். பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோரையும் ஃப்ளூ ஒரு முறையாவது தொட்டுவிட்டுப் போயிருக்கும். அதன் சுவடு ரத்தத்தில் இருக்கும். அந்த ஆன்டிபாடி எந்த ஆண்டு வந்தது, ஊசியால் வந்ததா நோயால் வந்ததா, இப்போது ஊரில் சுற்றும் வைரஸைத் தடுக்குமா, எதையும் அந்தச் சோதனை சொல்லாது. வீட்டில் ஒரு பூட்டு இருக்கிறது என்று சொல்லும். அது எந்தக் கதவுக்கு என்று கேட்டால் விழிக்கும்.

முறையாக அளக்கும் வழி வேறு. 1941-இல் ஜார்ஜ் ஹெர்ஸ்ட் என்ற அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் கவனித்த ஒரு விஷயத்தில் பிறந்தது அது: ஃப்ளூ வைரஸ் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். 96 குழிகள் உள்ள தட்டில் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை) 1:10, 1:20, 1:40 என்று இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய், வைரஸைச் சேர்த்து, கடைசியில் வான்கோழியின் அல்லது கினிப்பன்றியின் சிவப்பணுக்களை விடுவோம். ஆன்டிபாடி வைரஸைக் கட்டிப்போட்டிருந்தால் அணுக்கள் குழியின் அடியில் சிவப்புப் பொத்தானாக உட்காரும். தட்டைச் சாய்த்தால் கண்ணீர்த்துளிபோல வழியும். கட்டிப்போடாவிட்டால் வலையாகப் பரவி நிற்கும். பொத்தான் எந்தக் குழிவரை தெரிகிறது என்பதுதான் கணக்கு. முந்தைய இரவே சீரத்தை ஒரு நொதியோடு ஊறவைக்க வேண்டும். இல்லையென்றால் சீரத்தில் இயல்பாக உள்ள வேறு பொருள்களே ஆன்டிபாடிபோல நடிக்கும். மாணவனாக இருந்தபோது அதை ஒருமுறை மறந்துவிட்டு, எல்லோருக்கும் பிரமாதமான எதிர்ப்பு சக்தி என்று எழுதிக் கொடுத்துப் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதிலும் ஒற்றை எண்ணுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. ஊசிக்கு முன் ஒரு சாம்பிள், ஊசி போட்டு 21 முதல் 28 நாட்களில் இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில், அருகருகே வைத்துப் பார்த்து, ஆன்டிபாடி அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால்தான் பலன் தெரிந்தது என்போம். ஒரு குழி முன்னே பின்னே இருந்தால் அது சோதனையின் தடுமாற்றமாகவே இருக்கலாம். ஏற்கெனவே அளவு உயர்ந்திருப்பவருக்கு ஊசிக்குப் பிறகு அது நான்கு மடங்கு ஏறாமலும் போகலாம். அதற்காக அவர் பாதுகாப்பு இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1:40 என்ற எல்லையும் பெரியவர்களில் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும் அளவு, அவ்வளவுதான். கூட்டத்துக்கான கணக்கு அது. தடுப்பூசியை ஆராய்கிறவர்களுக்கும், அடுத்த பருவத்துக்கு எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று ஆண்டுக்கு இரு முறை கூடி முடிவெடுக்கும் உலக சுகாதார நிறுவனத்துக்கும் அது தேவை. உங்களுக்கும் எனக்கும் தேவையில்லை.

ஆகவே, ஊசி போட்ட பிறகு 'செக்' செய்ய ரத்தம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை அடுத்த ஆண்டு ஊசிக்கு எடுத்து வையுங்கள். வைரஸ் மாறுகிறது, ஆன்டிபாடியும் சில மாதங்களில் குறைகிறது. ஆண்டுதோறும் போடச் சொல்வது அதனால்தான். பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும், மழை பிடித்த பிறகு ஓடி வராதீர்கள். எட்டு வயதுவரையுள்ள குழந்தைக்கு முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவதை மறந்துவிடும் பெற்றோரே அதிகம். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆய்வகத்தின் வரவேற்பு மேசையில் அல்ல.

இன்னொன்று, தயவுசெய்து. காய்ச்சல் வந்த பிறகு ஃப்ளூதானா என்று பார்க்கவும் இந்த ஐஜிஜி சோதனை உதவாது. அதற்குத் தொண்டை அல்லது மூக்குச் சளிதான் வேண்டும். வயதானவரோ கர்ப்பிணியோ சர்க்கரை நோயாளியோ என்றால் காய்ச்சல் தொடங்கி 2 நாட்களுக்குள் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். ஃப்ளூ மாத்திரை நன்றாக வேலை செய்வது அப்போதுதான். இந்தப் பெரியவரை ஆறாவது நாள்தான் கொண்டுவந்தார்கள்.