நம்ம ஊர்க் குப்பை டெல்லிக் கணக்கில் எப்படி ஏறுகிறது?

டெல்டா பக்கத்து ஊர்களுக்குக் குப்பை ஆண்டறிக்கை தயார் செய்ய உதவுவது என் வேலையில் ஒரு பகுதி. ‘நாட்டில் தினம் இத்தனை டன் குப்பை’ என்று செய்தியில் ஒரு எண் வந்தால் நான் முதலில் கேட்பது, இது எடை போட்டதா, உத்தேசமா?

2016 திடக்கழிவு விதிகள் வகுத்திருந்த வழி இது. உள்ளாட்சி தன் அறிக்கையை ஜூன் 30-க்குள் மேலே அனுப்ப வேண்டியிருந்தது, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றைத் தொகுத்து ஜூலை 31-க்குள் மத்திய வாரியத்துக்கு, அங்கிருந்து ஆகஸ்ட் 31-க்குள் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு. மேலே போகப்போக நடப்பது பெரும்பாலும் கூட்டல்தான். எடை போட முடிந்த இடம் நம்ம ஊர் மட்டுமே.

எடை மேடை இல்லாத ஊரில் என்ன செய்வார்கள்? டிராக்டர் எத்தனை நடை போனது, நடைக்கு இவ்வளவு என்று பெருக்குவார்கள். ஆனால் ஐப்பசி மழையில் ஊறிய வாழை இலையும் சித்திரை வெயிலில் காய்ந்த சருகும் ஒரே டிரெய்லரில் ஒரே எடையா இருக்கும்? இல்லையென்றால் தலைக்கு இத்தனை கிராம் என்று மக்கள்தொகையால் பெருக்குவது, அதற்கும் அடிப்படை 2011 கணக்கெடுப்பு. கும்பகோணத்துக்கு நவக்கிரக யாத்திரை வரும் கூட்டம் அந்த மக்கள்தொகையில் இல்லை, அவர்கள் விட்டுப்போகும் தண்ணீர் பாட்டில் மட்டும் ஊர்க் குப்பையில் இருக்கிறது.

மத்திய வாரியத்தின் 2020-21 அறிக்கைப்படி நாட்டில் தினமும் உருவானது 1,60,038 டன், சேகரித்தது 1,52,749 டன். பதப்படுத்தியது 79,956, குப்பைக்கிடங்குக்குப் போனது 29,427. மிச்சம் சுமார் 50,655 டன்னுக்கு, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு, கணக்கே இல்லை. எல்லோரும் இந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் அதிர்ச்சி அடைகிறார்கள். எனக்குக் கவலை அந்த முதல் எண்ணில். வண்டியில் ஏறியதை வைத்தே ‘உருவானது’ எவ்வளவு என்று எழுதினால், சேகரிப்பு சதவீதம் தானாகவே நன்றாகத் தெரியும். கொல்லையில் கொளுத்தியது, பழைய இரும்புக்கடைக்குப் போனது, வாய்க்காலில் வீசியது எதுவும் அதில் வராது.

வாய்க்கால்தான் நமக்கு முக்கியம். ஜூனில் மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது, மேலே உள்ள ஊர்கள் வீசிய பாலித்தீன் பையெல்லாம் சேர்ந்து கடைமடை மதகில் வந்து அடைக்கிறது. அதை அள்ளுவது ஒன்று விவசாயி, இல்லை தூர்வார வந்த பொக்லைன். தூர்வாரும் கணக்கு கிலோமீட்டரிலும் கன மீட்டரிலும் எழுதப்படுகிறது, அதில் பிளாஸ்டிக் எவ்வளவு என்று தனியாக யாரும் எழுதுவதில்லை. வீசிய ஊரின் அறிக்கையிலும் அது இல்லை, சுமக்கிற ஊரின் அறிக்கையிலும் இல்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். வெயில் காலத்தில் ஒரு வாரம், மழைக் காலத்தில் ஒரு வாரம், அப்புறம் ஆடிப்பெருக்கு, பொங்கல் மாதிரி நாட்களில், எல்லா வண்டியையும் பக்கத்து அரவை மில் எடை மேடையில் ஏற்றி இறக்கினாலே நம்பக்கூடிய சராசரி கிடைக்கும். எண்ணுக்குப் பக்கத்திலேயே அது எடையா உத்தேசமா என்றும் எழுத வேண்டும். மதகில் அள்ளியதையும் எடை போட்டுத் தனி வரியாகச் சேர்க்கலாம்.

அடுத்த கிராம சபையிலோ, நகரம் என்றால் பகுதி சபையிலோ, போன வருஷ எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். ‘உத்தேசம்’ என்று பதில் வந்தால் அந்தப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.