ரோல் மாற்றினால் டயலையும் பாருங்கள்

ஆவணியில் ஒரு தம்பி நல்லூர்த் தேரன்று எடுத்த பிலிம் ரோலைக் கழுவத் தந்தார். காயப் போடும்போதே மனம் கனத்துவிட்டது. 36 படமும் வெறுங்கண்ணாடி போல மெலிந்து கிடந்தன. கமராவை வாங்கிப் பார்த்தேன். பிலிம் வேக (ISO) டயல் 400இல் நின்றது; உள்ளே ஓடியதோ 100 பிலிம். முந்தைய ரோலுக்கு வைத்ததை அப்படியே விட்டுவிட்டார். இரண்டு ஸ்டொப் வெளிச்சம் போய்விட்டது (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). அடுத்த தேருக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

அந்த டயல் பிலிமை மாற்றாது. பிலிமின் வேகத்தை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, கமராவில் வெளிச்சம் அளக்கும் மீற்றருக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. எண் இரட்டிப்பானால் ஒரு ஸ்டொப் வித்தியாசம். பெட்டியில் உள்ள எண்ணை வைத்துவிட்டு, அந்த ரோல் முடியும்வரை விட்டுவிடுங்கள்.

சரி, டயல் சரியாக இருந்தும் நல்லூர் வீதியின் வெள்ளை மணல் சாம்பலாக வருகிறதே? மீற்றர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்குப் போடும். வெயில் மணலும் வெள்ளை வேட்டியும் படச்சட்டத்தை நிறைத்தால் வெளிச்சம் அதிகமென்று நினைத்துக் குறைத்துவிடும். அங்கே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஈடுசெய்யும் டயலை +1இல் (ஒரு ஸ்டொப் கூடுதல்) வையுங்கள், உச்சி வெயிலில் +1.5கூடப் போகலாம். கசூரினாக் கடற்கரைக்கும் இதே கணக்குத்தான். சட்டம் முழுக்கக் கருங்கல் தூண் என்றால் மறுபக்கம், -1.

பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் அந்த டயல் இல்லை. மீற்றர் 1/500 சொன்னால் 1/250 வையுங்கள், அதுவே +1. தானியங்கிக் கமராவில் ஈடுசெய்யும் வசதி இல்லையென்றால் 200 பிலிமுக்குப் பிலிம் வேக டயலை 100 என்று வைக்கலாம். ஆனால் அந்தப் படம் முடிந்ததும் திருப்பி வையுங்கள். பிலிம் வேகத்தை மாற்றுவது, ஈடுசெய்வது இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்; +2 ஆகிவிடும். கலர் நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைச்சலைத் தாங்காது. சிலைட் பிலிமுக்கோ அரை ஸ்டொப் கூடினாலே வெள்ளைப் பகுதிகளில் விவரம் போகத் தொடங்கும்.

இப்போதெல்லாம் என்னிடம் ரோல் வாங்கும் எல்லோருக்கும் கமராவின் முதுகில் ஒரு துண்டுப் பிளாஸ்டர் ஒட்டி, வேக எண்ணைப் பேனாவால் எழுதித்தான் அனுப்புகிறேன்.