புகையிலையின் பதமும் ஆற்றங்கரைக் கிட்டங்கிகளும்

சிங்கப்பூர் ஆற்றின் இரு கரைகளிலும் இன்று உணவகங்களாக மாறியிருக்கும் பழைய சரக்குக் கட்டடங்களை மலாயில் 'குடாங்' என்றும் ஆங்கிலத்தில் 'கோடவுன்' என்றும் அழைத்தார்கள். இவ்விரண்டும் நம் 'கிடங்கு' என்னும் சொல்லோடு உறவுடையவை என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகின்றனர். மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் தாங்கள் தங்கிய, பெட்டியடி (பணப்பெட்டியோடு அமரும் இடம்) வைத்துக் கணக்கெழுதிய நீண்ட கூடங்களையும் 'கிட்டங்கி' என்றே சொன்னார்கள். இக்கட்டுரை சரக்குக் கிட்டங்கியைப் பற்றியது. மின்விசிறியோ குளிரூட்டியோ இல்லாத காலத்தில், நிலநடுக்கோட்டுக்கு அருகே, கரிக்கும் ஆற்றுநீரின் ஓரத்தில், அந்தக் கட்டடம் சரக்கை எப்படிக் காத்தது என்பதை விளக்கப் புகையிலையை எடுத்துக்கொள்கிறேன். மிளகும், தோல் பதனிட உதவிய கம்பீரும், அரிசியும் ரப்பரும் கடந்துபோன இத்துறைமுகத்தில், காற்றின் ஈரத்துக்குப் புகையிலையைப் போல உடனுக்குடன் இணங்கிய சரக்கு மிகக் குறைவு.

புகையிலை வணிகத்தில் 'பதம்', அதாவது இலையில் இருக்க வேண்டிய ஈரத்தின் அளவு, என்பதே முதல் சொல். உலர்ந்த இலை காற்றிலுள்ள நீராவியை இழுத்துக்கொள்ளும். காற்று உலர்ந்தால் திருப்பிக் கொடுக்கும். சார்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் அதில் உண்மையாக உள்ள பங்கு) 60 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்போது இலையின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நீராக இருக்கும். அப்போது இலை மடிந்தாலும் ஒடியாது. ஈரம் மிகவும் குறைந்தால் கைபட்டதும் நொறுங்கும். மிகுந்தால் பூசணம் பிடிக்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே இங்கே நொறுங்குவதைப் பற்றிய கவலையைவிடப் பூசணத்தைப் பற்றிய கவலையே பெரிது.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். கட்டடத்தின் நுட்பம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. பிற்பகலில் வெப்பநிலை 31 பாகை செல்சியஸும் ஈரப்பதம் 65 விழுக்காடும் இருப்பதாகக் கொள்வோம். அதே காற்று, ஒரு துளி நீரும் கூடாமல், இரவில் 24 பாகைக்குக் குளிர்ந்தால் அதன் சார்பு ஈரப்பதம் 98 விழுக்காட்டைத் தொட்டுவிடும், ஏனெனில் குளிர்ந்த காற்றால் குறைந்த அளவு நீராவியையே தாங்க முடியும். ஆனால் கிட்டங்கியின் உட்புறம் 28 பாகையிலேயே நின்றுவிட்டால் அது 77 விழுக்காட்டோடு நிற்கும். தடித்த செங்கல் சுவர்கள் பகல் வெப்பத்தை மெதுவாக வாங்கி இரவில் மெதுவாக விடுவதால், உள்ளே வெப்பநிலையின் ஏற்ற இறக்கம் குறைகிறது. தடித்த சுவர் குளிர்ச்சிக்காகவே கட்டப்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு சிறிதாயுள்ள இந்த ஊரில், அது அளித்த பெரிய நன்மை நிலைத்தன்மையே என்பது என் கருத்து.

கூரையின் வேலை வேறு. கட்டுக்கட்டாக அடுக்கிய புகையிலை தானாகவே சூடேறும். இலைக்குள் நொதித்தல் தொடர்வதால் வெப்பமும் நீராவியும் வெளிவரும். சூடான காற்று மேலே எழுந்து, உட்கூரை அடைப்பு இல்லாத உயரமான ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே வெளியேறும்; கீழே உள்ள கதவும் காற்றுத் துளைகளும் அதற்கு ஈடான காற்றை உள்ளே விடும். சுட்ட மண் ஓடு மழைநீரில் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு வெயிலில் ஆவியாக்கும்போது கூரையும் சற்றுக் குளிரும். கட்டடங்கள் ஆற்றைப் பார்த்துக் குறுகலாகவும் பின்னோக்கி நீளமாகவும் அமைந்ததற்குக் காரணம் கரையின் அருமை: தொங்கான் என்னும் சரக்குப் படகிலிருந்து பலகை வழியே மூட்டை இறக்க ஒவ்வொரு வணிகருக்கும் ஆற்றுமுகம் வேண்டியிருந்தது. 1860களுக்கு முன் அந்தப் படகுகளைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். பிறகு அந்தத் தொழில் சீனர் கைக்கு மாறியது.

சுவர்ப் பூச்சைப் பற்றி விரிவாகச் சொல்லவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். அக்காலக் கட்டடங்களின் செங்கற்கள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டு, சுண்ணாம்பாலேயே பூசப்பட்டன. அந்தக் கலையின் உச்சியைக் கிட்டங்கியில் காண முடியாது. 1861இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில்தான் காண வேண்டும். இந்தியக் கைதிகள் கட்டிய அத்தேவாலயத்தில் 'மதராஸ் சுண்ணம்' பயன்பட்டது: கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரையச் செய்கிறது. பூசியபின் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. கிட்டங்கிச் சுவர்களின் பூச்சு இவ்வளவு செழிப்பானதன்று; ஆனால் நீராவியைத் தடுக்காமல் கடத்தும் தன்மை இரண்டுக்கும் பொது.

அந்தத் தன்மை இன்றியமையாதது. போட் கீ என்னும் படகுத்துறை அமைந்துள்ள ஆற்றின் தென்கரை, 1820களில் அருகிலிருந்த ஒரு சிறு குன்றை வெட்டிய மண்ணால் தூர்க்கப்பட்ட சதுப்பு நிலம். ஆற்றிலோ கடலின் ஏற்றவற்றம் இருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலச் செங்கல்லின் நுண்துளைகள் வழியே உப்புநீர் மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த நீரை வெளியே விட்டுவிடும். உப்பு மேற்பரப்பில் வெண்மையாகப் பூக்கும், துடைத்துவிடலாம். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் நீர் வெளியேற வழியில்லை. உப்புப் படிகங்கள் பூச்சுக்குப் பின்னால் வளர்ந்து, அந்த அழுத்தத்தால் செங்கல்லின் முகத்தையே உதிர்க்கும். சுவரைப் பலப்படுத்துவதாக எண்ணிச் சிமெண்ட் பூசியவர்கள் அறியாமலேயே அதன் ஆயுளைக் குறைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பெருகி, பெரிய சரக்குகள் தஞ்சோங் பகார் துறையை நாடின. ஆயினும் ஆற்றில் தொங்கான்கள் ஓய்ந்தது, ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணியின்போது, 1983இல் அவை பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்ட பிறகுதான். 1989இல் இக்கட்டடங்கள் உள்ள இடங்கள் மரபுப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2008இல் மரீனா அணை எழுந்தபின் ஆற்றில் கடல்நீர் ஏறுவது நின்று, அது நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. ஆனால் ஒன்றரை நூற்றாண்டாகச் செங்கல்லுக்குள் சேர்ந்த உப்பு அணை கட்டியதால் வெளியேறிவிடவில்லை. மழைக்காலத்தில் ஈரம் ஏறும்போது அது கரையும். வெயில் வந்ததும் மீண்டும் படிகமாகும். கட்டடங்களின் முன்னே கூரையடியில் செல்லும் ஐந்தடிப் பாதையில் நடக்கும்போது, சுவரின் அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை புதுச் சாயம் கொப்பளித்து, வெண்தூள் உதிர்ந்திருக்கும் இடத்தைக் கண்டால், அங்கே நிகழ்வது இதுதான்.