பேடாக் ஸ்டாண்டு: 'புல்வெளித் தாங்கி' வேண்டாம்

மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'புல்வெளித் தாங்கி' என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பேடாக் ஸ்டாண்டுக்கு யாரோ வைத்த பெயர். அந்தக் கருவியைப் பார்த்தே இராத ஒருவருக்கு இந்தப் பெயர் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது.

முதலில் பொருள். இரும்புக் குழாயை வளைத்துச் செய்த சட்டம் அது. அடியில் சிறு உருளைகள், பின்னால் நீண்ட கைப்பிடி. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் கொடுத்து, கைப்பிடியைக் கீழே அழுத்தினால் நெம்புகோல் விசையில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி நிற்கும். செயின் சுத்தம் செய்ய, எண்ணெய் விட, சக்கரத்தைக் கழற்ற, வண்டியை நெடுநாள் நிறுத்திவைக்க இதுதான் வசதி. நடு ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு இது இல்லாமல் சிரமம்.

மூலம் எளிது. வேலி, வேலியிட்ட நிலம் என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல் திரிந்து 'பேடாக்' ஆனது. 'பார்க்' அதற்கு உறவுச் சொல். குதிரைப் பந்தயத்தில், ஓட்டத்துக்கு முன் குதிரைகளுக்குச் சேணம் பூட்டும் அடைப்பிடத்துக்கு அந்தப் பெயர் நின்றது. மோட்டார் பந்தயம் அதை இரவல் வாங்கி, அணிகள் வண்டிகளைத் தயார் செய்யும் இடத்தைச் சுட்டியது. பந்தய வண்டிக்குச் சொந்த ஸ்டாண்டு கிடையாது. அங்கே அதைத் தூக்கி நிறுத்தும் சட்டம் பேடாக் ஸ்டாண்டு ஆயிற்று.

ஆக, இந்தப் பெயரில் புல்லுக்கு வேலையே இல்லை. பேடாக் என்பதற்கு அகராதியில் முதலில் கிடைத்த 'புல்வெளி' என்ற பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பந்தயத் திடலின் அந்தப் பகுதி பெரும்பாலும் தார் அல்லது கான்கிரீட் தளம். உண்மையில் இந்த ஸ்டாண்டைப் புல்லிலோ மண்ணிலோ போடவே கூடாது. சிறு உருளைகள் புதைந்து வண்டி சாயும். பெயரை நம்பிப் புல்தரையில் போடுகிறவர் வண்டியைக் கீழே தள்ளிவிடுவார்.

அடுத்தது 'தாங்கி'. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். பொறியியல் தமிழில் தாங்கி என்றால் பேரிங். அது நிலைபெற்ற கலைச்சொல். புல்வெளியை விட்டுவிட்டுச் 'சக்கரத் தாங்கி' என்று திருத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொற்படி எழுதினால், "வண்டியைச் சக்கரத் தாங்கியில் ஏற்றிவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் சக்கரத் தாங்கியை மாற்றுங்கள்" என்று வரும். எதை மாற்றுவது, ஸ்டாண்டையா, பேரிங்கையா? படிப்பவர் கையில் ஸ்பானரோடு நிற்கிறார். அவரைக் குழப்பும் சொல் எவ்வளவு தூய தமிழாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பெயர் வேலையைச் சொல்ல வேண்டும், பிறந்த இடத்தை அல்ல. பாரந்தூக்கி, மின்தூக்கி என்று நம்மிடம் ஏற்கெனவே அச்சு இருக்கிறது. அதே அச்சில் 'சக்கரந்தூக்கி'. பின்புறத்துக்குப் பின்சக்கரந்தூக்கி, முன்புறத்துக்கு முன்சக்கரந்தூக்கி. தூக்குவதோடு நிறுத்திப் பிடிக்கவும் செய்கிறதே என்பார்கள். சரிதான், ஆனால் எல்லா வேலையையும் ஒரே பெயரில் அடைக்க முடியாது. பேச்சில் ஸ்டாண்டு என்பதையும் நான் தடுக்கமாட்டேன். எழுத்தில் தமிழாக்குவதென்றால் புரியும்படி ஆக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சொல்லை மாற்றுகிறவர்கள் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. 'பாபின்' என்பதை 'நூற்கண்டு' என்று எழுதுகிறார்கள். அது ஸ்விங் ஆர்மில் திருகும், நடுவில் இடுப்பு ஒடுங்கிய சிறு உருளைக் குமிழ். 'தாங்குகுமிழ்' என்றால் போதும். வண்டிக்கு ஏற்ற சக்கரந்தூக்கியைத் தேர்வதே இந்தக் குமிழில்தான் தொடங்குகிறது. ஸ்விங் ஆர்மில் மரையிட்ட துளை இருந்தால் அதன் அளவு 6, 8, 10 மி.மீ. இவற்றில் எது என்று பார்த்துக் குமிழ் வாங்கி, அந்தக் குமிழைப் பிடிக்கும் கவை வடிவக் கொக்கி உள்ள ஸ்டாண்டு எடுக்கலாம். துளை இல்லையென்றால் ஸ்விங் ஆர்மின் அடியில் முட்டுக்கொடுக்கும் ரப்பர் பதித்த ட வடிவக் கொக்கி. பல ஸ்டாண்டுகளில் இரண்டையும் கழற்றி மாற்றலாம், அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். சைலன்சரோ செயின் இறுக்கும் திருகோ கொக்கியில் இடிக்கிறதா என்று தூக்கும் முன்பே பாருங்கள். ஸ்விங் ஆர்ம் ஒரு பக்கம் மட்டும் உள்ள வண்டிக்கு இவை எதுவும் ஆகாது. அச்சின் துளைக்குள் முளை நுழையும் தனி வகை வேண்டும். இரண்டு சக்கரத்தையும் தூக்குவதானால் பின்சக்கரந்தூக்கியை முதலில் போட்டுவிட்டு, அப்புறம்தான் முன்சக்கரந்தூக்கி.