தட்டுகிற எஞ்சினுக்குப் பவர் பெட்ரோல் மருந்தல்ல

ஆடி மாதம் வந்தால் நாமக்கல்லில் எங்கள் பட்டறைக்கு வேலை கூடிவிடும். வல்வில் ஓரி விழாவுக்கும் ஆடிப்பெருக்குக்கும் கொல்லிமலை ஏறுகிற வண்டிகள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியாக வேண்டும். மறுவாரமே நாலைந்து பேராவது வந்து நிற்பார்கள். "அண்ணே, மேடு ஏறுறப்போ எஞ்சின்ல டிக்கு டிக்குன்னு தட்டுது." அதில் பாதிப் பேர் மருந்தையும் தாங்களே கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள்: பவர் பெட்ரோல், அதாவது ஆக்டேன் எண் கூடின, விலையும் கூடின பெட்ரோல்.

அப்படி வந்த ஒரு தம்பியின் வண்டியை என்னால் மறக்க முடியவில்லை. 150 சிசி, ஏழு வருடம் ஓடியது. மேட்டில் தட்டுகிறது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார், அவர்கள் 95 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டதும் சத்தம் குறைந்துவிட்டது. ஆறு மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறார். அப்புறம் சத்தம் திரும்பி வந்தது, கூடவே இழுவையும் போனது. சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் மேல் கருகல் ஏடு கட்டி நிற்கிறது. ஓரத்தில் கரையான் அரித்த மாதிரி பொடிப் பொடிப் பள்ளங்கள். மூல காரணம் வால்வு ஆயில் சீல், அதாவது வால்வு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர். அது தேய்ந்து, ஆயில் உள்ளே இறங்கி எரிந்து, கார்பன் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. முதல் சத்தத்தில் வந்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். கடைசியில் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சரிசெய்யும் போர் வேலையே செய்ய வேண்டியதாயிற்று.

இது ஏன் இப்படி ஆகிறது என்று விளங்கிக்கொண்டால் எந்த பங்க்கிலும் குழப்பம் வராது. சிலிண்டருக்குள் வரும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகிறது. பிளக் பொறி விடுகிறது. தீ பிளக்கில் தொடங்கி ஓரம் வரை சீராகப் பரவ வேண்டும். ஆனால் தீ வந்து சேர்வதற்குள், மூலையில் நசுங்கிக் கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்தால், அந்த அடிதான் நாக்கிங், மேட்டில் கேட்கும் அந்தத் தட்டல். கார்பன் சேரச் சேர இது எளிதில் நடக்கும். தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்வதுதான் ஆக்டேன் எண். ஐசோஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறார்கள். 91 என்றால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை தாங்குகிற அளவு தாங்கும் என்று பொருள். எண் கூடினால் பெட்ரோலுக்குள் சக்தியும் கூடியிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அது தாங்குகிற குணத்தின் அளவு மட்டுமே.

எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை எஞ்சினின் கம்ப்ரெஷன், அதாவது கலவையை நெருக்குகிற அளவு, பெரிதும் தீர்மானிக்கிறது. நாம் தினம் ஓட்டும் 100, 125 சிசி வண்டிகளில் கலவை ஒன்பது, பத்து மடங்கு நெருக்கப்படும். யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பில் 11.6 மடங்கு. கேடிஎம் 390 டியூக்கின் 373 சிசி எஞ்சினில் 12.6 மடங்கு. பெரிய வண்டிகள் சிலவற்றில் தட்டலை உணரும் நாக் சென்சார் இருக்கும், அவை பெட்ரோலுக்குத் தகுந்தபடி பொறி விடும் நேரத்தை மாற்றிக்கொள்ளும். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. அந்த எஞ்சினுக்கு நீங்கள் விலை கூடின பெட்ரோல் ஊற்றியிருக்கிறீர்கள் என்று தெரியவே தெரியாது.

உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகள் இதில் ஏமாறுவதைப் பார்க்கையில் மனசு கேட்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், லிட்டருக்கு ஏழு ரூபாய் கூடுதல் என்று வைத்தால் 26 நாளில் 364 ரூபாய். மூன்று மாதம் சேர்த்தால் ஒழுங்கான சர்வீஸே செய்துவிடலாம். 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் டெல்லியில் லிட்டர் 160 ரூபாய்க்கு அறிமுகமானது. அது அதற்கென்று அமைந்த பெரிய எஞ்சின்களுக்கானது. 100 சிசி வண்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சரி, எந்த எண் போடுவது? வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கிறது, டேங்க் மூடிப் பக்கம் ஸ்டிக்கரிலும் இருக்கலாம். 91 என்றால் 91 போதும். 95 என்றால் அதற்குக் கீழே போக வேண்டாம். அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு "அங்கே 87தான் போடுறாங்க" என்று ஒருவர் வாதாடினார். அங்கே இரண்டு வகைச் சோதனை எண்களின் சராசரியை பங்க்கில் எழுதுகிறார்கள், நாம் அந்த இரண்டில் ஒன்றான ரான் (RON) எண்ணை மட்டும் சொல்கிறோம். அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. எத்தனாலுக்கு இயல்பிலேயே ஆக்டேன் அதிகம். 20 சதவீதம் எத்தனால் கலந்த சாதா பெட்ரோலே ரான் 95 தருகிறது என்று மத்திய அரசு 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. ஆகவே ஆக்டேனுக்காகவே கூடுதல் காசு கொடுக்கும் காரணம் பலருக்கு இன்னும் சுருங்கிவிட்டது. ஆனால் எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழையில் நின்ற வண்டியின் டேங்கில் தண்ணீர் இறங்கினால், எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்கிற பெட்ரோலின் ஆக்டேன் இறங்கிப்போகும். மழைக்காலத்தில் டேங்க் மூடி ரப்பரைப் பாருங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

சத்தம் எதுவென்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வால்வைத் தள்ளும் பாகமான டப்பெட்டின் சத்தம் வண்டி நின்றுகொண்டு ஓடும்போதும் கேட்கும். நாக்கிங், மேல் கியரில் சுமையோடு ஆக்சிலரேட்டரைத் திருகும்போது மட்டும், தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கின மாதிரி வரும். ஆக்சிலரேட்டரை விட்டால் நின்றுவிடும். மேட்டில் அப்படிக் கேட்டால் முதலில் ஒரு கியர் குறையுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, நாலாவது கியரிலேயே முக்கி முக்கி ஏற்றுவதால் வரும் சத்தம் கியர் குறைத்தாலே போய்விடும். போகவில்லை என்றால் பிளக் அந்த வண்டிக்கு உரிய எண்தானா, கார்பன் சேர்ந்திருக்கிறதா, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

95 கேட்கிற வண்டியை மலையடிவாரத்தில் ஒருவேளை 91 மட்டும் கிடைக்கிற பங்க்கில் நிறுத்திக்கொண்டு தவிக்கவும் வேண்டாம். ஊர் போய்ச் சேரும் அளவுக்குப் போட்டுக்கொண்டு, கீழ் கியரில், அதிகம் திருகாமல் நிதானமாக ஏறுங்கள். இறங்கி வந்ததும் உரிய பெட்ரோலை ஊற்றிக்கொள்ளலாம், டேங்கைக் காலி செய்ய வேண்டியதில்லை.