கர்ப்பகால எச்.ஐ.வி. பரிசோதனை: ஒரு முறை மட்டும் போதாது

கர்ப்பிணிப் பெண்ணின் பதிவு அட்டையில் இரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றை அடுத்து எச்.ஐ.வி. என்றொரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அதில் ‘நெகட்டிவ்’ என்றுதான் எழுதியிருக்கும். அதைப் பார்த்ததும் நாங்கள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். அது எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்று கவனிப்பவர்கள் குறைவு. தொற்று அதிகமாகவும் வசதி குறைவாகவும் உள்ள பகுதிகளில் முதல் பரிசோதனை இன்று ஓரளவு ஒழுங்காகவே நடக்கிறது. நாம் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான் என்பது, கர்ப்பகாலச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எனது கருத்து.

எந்தச் சிகிச்சையும் இல்லாதபோது, தொற்றுள்ள தாயிடமிருந்து கருவிலோ, பிரசவத்தின்போதோ, தாய்ப்பால் வழியாகவோ குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்கிறது. தாய் கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால், தாய்ப்பால் ஊட்டும் நிலையிலும் அதை 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். ஜிடோவுடின் மருந்து இந்தப் பரவலை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் என்பது 1994இல் தெரியவந்தது. பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு வேளை, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஒரு வேளை என்று நெவிரபின் கொடுத்தாலே நல்ல பலன் கிடைக்கும் என்பதை 1999இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு காட்டியது. உடலின் நோய் எதிர்ப்பு நிலையைக் காட்டும் சிடி4 என்ற இரத்த அணுக்களின் எண்ணிக்கையை அளக்கும் வசதி எல்லா இடங்களிலும் இல்லாத மலாவி நாடு, அந்த எண்ணிக்கைக்காகக் காத்திராமல், தொற்று உறுதியான எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வாழ்நாள் சிகிச்சையைத் தொடங்குவது என்று 2011இல் முடிவெடுத்தது. இல்லாமையில் பிறந்த அந்த முடிவைத்தான் பிறகு உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது.

ஆக, மருந்து இருக்கிறது. அது யாருக்குத் தேவை என்பதைச் சொல்ல வேண்டியது பரிசோதனைதான்.

போட்ஸ்வானா 2004இல் தொடங்கியதும், 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததுமான முறையின்படி, கர்ப்பிணி தானாகக் கேட்க வேண்டியதில்லை. மருத்துவமனையே பரிசோதனையைச் செய்ய முன்வரும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இது நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டம் நிறைந்த ஒரு காலை வேளையில் அந்த உரிமை எப்படிச் சுருங்கிப்போகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். “எல்லா டெஸ்டும் எடுக்கணும், கையை நீட்டுங்க” என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. எதற்கென்றே தெரியாமல் விரலை நீட்டிய பெண்ணிடம் மாலையில் போய் ‘உங்களுக்குத் தொற்று இருக்கிறது’ என்று சொன்னால், அவர் மறுநாள் மருந்து வாங்க வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதைவிட மோசமானது, பரிசோதனைக் கிட் தட்டுப்பாடாக இருக்கும் நாட்களில் ‘சந்தேகப்படும்படி’ இருப்பவர்களுக்கு மட்டும் பார்ப்பது. முகத்தைப் பார்த்துத் தொற்றைக் கண்டுபிடிக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

விரைவுப் பரிசோதனை எளிதுதான். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தமும் அதற்குரிய கரைசலும் சேர்ந்து பட்டையில் ஊறும்போது, முதலில் ‘சி’ என்ற இடத்தில் கோடு விழ வேண்டும். அது விழாவிட்டால் அந்தக் கிட் செல்லாது. ‘டி’ என்ற இடத்திலும் கோடு விழுந்தால் அது ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று பொருள். கிட்டில் குறிப்பிட்டுள்ள நேரத்துக்குள், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடங்களுக்குள், பார்த்துவிட வேண்டும். அவசரத்தில் முன்கூட்டியே பார்த்தால் மங்கலான கோடு தவறிப்போகும். மறந்துவிட்டு வெகுநேரம் கழித்துப் பார்த்தால், இல்லாத கோடு தெரியலாம். ஒரு கிட் ரியாக்டிவ் ஆனதை வைத்து எந்தப் பெண்ணிடமும் தொற்று உறுதி என்று சொல்லக் கூடாது. வெவ்வேறு கிட்டுகளில் அடுத்தடுத்து மூன்று முறை ரியாக்டிவ் ஆன பிறகே உறுதி செய்ய வேண்டும் என்பது 2019 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எச்.ஐ.வி.யையும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயையும் ஒன்றாகப் பார்க்கும் இரட்டைக் கிட்டும் இப்போது உண்டு. கர்ப்பிணிகளுக்கு அதுவே சிக்கனம். 2015இல் கியூபாவும், 2016இல் தாய்லாந்தும், 2019இல் இலங்கையும் இந்த இரண்டு தொற்றுகளும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்ததாகச் சான்று பெற்றன.

இனி, தவறிப்போகும் இடத்துக்கு வருகிறேன். மூன்றாம் மாதத்தில் நெகட்டிவ் வந்த ஒரு பெண்ணுக்கு ஆறாம் மாதத்தில் தொற்று ஏற்படலாம்; அல்லது முதல் பரிசோதனைக்குச் சற்று முன்பே தொற்றிய கிருமி, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும், இந்தக் கிட் தேடும் எதிர்ப்புப் பொருள் போதிய அளவு உருவாகாததால் அப்போது பரிசோதனையில் சிக்காமல் இருந்திருக்கலாம். புதிதாகத் தொற்றிய சில வாரங்களில் இரத்தத்தில் வைரஸின் அளவு மிக அதிகமாக இருக்கும் என்பதால், அந்தக் காலத்தில் குழந்தைக்குப் பரவும் ஆபத்தும் அதிகம். நெகட்டிவ் என்று அட்டையில் இருப்பதால் அவருக்கு மருந்தும் கிடையாது, யாருக்கும் சந்தேகமும் வராது. தொற்று பரவலாக உள்ள பகுதிகளில் கடைசி மூன்று மாதங்களில் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும் என்பது இதனால்தான். எங்குமே பரிசோதிக்கப்படாமல் நேராகப் பிரசவ அறைக்கு வருபவருக்கு அங்கேயே பார்த்துவிட வேண்டும். அந்த நேரத்திலும் குழந்தைக்குத் தடுப்பு மருந்து உதவும்.

தொற்று உறுதியானதும் பல பெண்கள் கேட்கும் முதல் கேள்வி குழந்தையைப் பற்றியதாக இருப்பதில்லை. “வீட்டுக்காரரிடம் சொல்லிடுவீங்களா, டாக்டர்?” என்பதுதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கர்ப்பத்தின் காரணமாக மனைவி முதலில் பரிசோதிக்கப்படுகிறார்; முதலில் தெரிந்தவர் என்பதாலேயே முதலில் தொற்றியவரும் அவரே என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இந்தப் பரிசோதனை காட்டாது. எனவே அவரைக் கேட்காமல் யாரிடமும் பேசுவதில்லை என்று உறுதி கொடுப்பதோடு, அவர் விரும்பினால் கணவரையும் அழைத்து இருவருக்கும் சேர்த்து ஆலோசனை வழங்க வேண்டும். கணவருக்குத் தொற்று இருந்து மனைவிக்கு இல்லையென்றால், கணவருக்கான சிகிச்சையும் மனைவிக்கான முன்தடுப்பு மாத்திரையும் சேர்ந்து குழந்தையையும் காக்கும். தொற்றுள்ளவர்களின் அட்டைக்குத் தனி நிறம், அவர்களுக்குத் தனி வரிசை என்ற வழக்கங்கள் எங்கிருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும். வரிசையில் நிற்கும் அண்டை வீட்டாருக்கு அந்த நிறமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பிறந்த குழந்தைக்குச் சாதாரண எதிர்ப்புப்பொருள் பரிசோதனை பயன்படாது. தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதங்கள் வரைகூட இருக்கலாம் என்பதால், வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனையை ஆறாவது வாரத்துக்குள் செய்ய வேண்டும். தொற்றிய குழந்தைகளுக்குச் சிகிச்சை தராவிட்டால், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயதை எட்டுவதில்லை. பாலூட்டும் தாய்க்கும் தொற்று ஏற்படக்கூடும் என்பதால், தொற்று பரவலாக உள்ள பகுதிகளில் பால் மறக்கும்வரை அவருக்கும் அவ்வப்போது பரிசோதனை தேவை. அதற்கென்று அவரைத் தனியாக அலைக்கழிக்க வேண்டியதில்லை. தடுப்பூசி போடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் எப்படியும் வருவார். அந்த மேசையிலேயே ஒரு கிட்டும், அவர் மறைவாக உட்கார்ந்து பேச ஒரு தடுப்பும் இருந்தால் போதும்.